காருக்கு பாலிஷ் போட்டால் கோடு மறைந்துவிடுமா? கிளியர் கோட் கரையும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

அடுத்த முறை காரை வெயிலில் நிறுத்தும்போது ஒரு நிமிடம் பானெட்டை உற்றுப் பாருங்கள். சூரியன் பளிச்சென்று தெரிகிற இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகின்றனவா? கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு கார் என்றால் நிச்சயம் தெரியும். வெள்ளை, வெள்ளி நிற கார் என்றால் கோடு இருக்கும், ஆனால் கண்ணில் படாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உலு திராமில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜொகூர் பாரு நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, கோத்தா திங்கி போகும் சாலையில் இருக்கிற ஊர். வேலைக்கு தினமும் ஜே.பி. பக்கம் ஓட வேண்டும். செனாய்-டெசாரு நெடுஞ்சாலையில் ஏறினால் முன்னால் லாரி, பக்கத்தில் லாரி. வீட்டில் போர்ச் இருந்தாலும் அதில் ஒரு கார்தான் நிற்கும், மீதி தெருவோரம், வெயிலில். வார இறுதியில் ஸ்னோ வாஷ் கடைக்குப் போனால், "அண்ணே, பாலிஷ் போட்டுடலாமா? கோடெல்லாம் போயிடும்" என்று ஒரு கேள்வி வரும்.

போகுமா? சில கோடுகள் போகும். சில போகாது. போகிற கோடுகளும் சும்மா போவதில்லை, காரிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் போகின்றன. அது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெயிண்டுக்கு மேல் ஒரு கண்ணாடி

நீங்கள் காரைத் தொடும்போது நிறத்தைத் தொடுவதில்லை. நிறத்துக்கு மேலே ஒரு நிறமற்ற அடுக்கு இருக்கிறது, அதைத்தான் தொடுகிறீர்கள். கீழிருந்து மேலே வந்தால்: இரும்புத் தகடு, அதன் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அடுத்து பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக கிளியர் கோட். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் இவை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிளியர் கோட்டின் பங்கு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்று இதைவிடத் தடிமனாக இருக்கும்.

இந்த மெல்லிய அடுக்குதான் பளபளப்பைத் தருகிறது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களும் இதில்தான் கலந்திருக்கின்றன. கீழே இருக்கும் நிறத்துக்கு இது குடை மாதிரி. ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகைக்குள் இருக்கிற மாநிலம், ஆண்டு முழுக்க வெயில் கிட்டத்தட்ட நேர் உச்சியிலிருந்து இறங்குகிறது. குடை எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

பாலிஷ் என்பது தேய்த்தல். வேறொன்றும் இல்லை. கோட்டை "நிரப்பி" மறைப்பதில்லை, கோட்டைச் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் கோட்டின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்துச் சமமாக்குகிறது. பள்ளம் மறைய வேண்டுமானால் மேடு கரைய வேண்டும். தேய்ந்த கிளியர் கோட் திரும்ப வளராது.

பாட்டி வீட்டில் பழைய பித்தளைப் பாத்திரம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உள்ளே ஈயம் பூசியிருப்பார்கள். புளி போட்டு அழுத்தித் தேய்த்தால் பாத்திரம் ஜொலிக்கும், ஆனால் ஈயமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனால் ஈயம் பூசுகிறவரைத் தேட வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கு அப்படியல்ல. தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்தாலும் உள்ளே பித்தளை மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். உங்கள் கார் விளக்கு இல்லை, ஈயம் பூசிய பாத்திரம்.

அப்பா சொல்வது ஏன் இப்போது சரிவராது?

"நாங்க எல்லாம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாலிஷ் போடுவோம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அது பொய்யில்லை. அவர்கள் ஓட்டிய கார் வேறு.

1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற விரைவில் உலரும் சாயத்தைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காரின் சாயம் உலர வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் 'டூக்கோ பெயிண்டிங்' என்று சொல்வதைக் கேட்கலாம். அந்தக் காலச் சாயத்தில் நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. வெயிலில் மேல்பகுதி வெளுத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகும். தேய்த்தால் வெளுத்தது போய், அடியிலிருந்து புது நிறம் வரும். துணியிலும் அதே நிறம் ஒட்டியிருக்கும்.

1980-களுக்குப் பிறகு நிறம் தனி, கிளியர் கோட் தனி என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. இன்று தெருவில் ஓடும் மைவி, சாகா, பேசா எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த முறைதான். இதில் தேய்த்தால் அடியிலிருந்து புது கிளியர் கோட் வராது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு இப்போது ஆபத்து. வீட்டில் இன்னும் பழைய கார் ஒன்று இருந்து, துணியில் நிறம் ஒட்டினால் மட்டும் அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

மலேசியாவில் கார் கடன் 9 ஆண்டு வரைக்கும் கிடைக்கிறது. அந்த 9 ஆண்டும் தாக்குப்பிடிக்க வேண்டிய அடுக்கு இது. கடன் முடிவதற்கு முன்னால் கூரையில் கிளியர் கோட் உரிந்து, வெள்ளை வெள்ளைத் திட்டாக நிற்கும் கார்களை நம் ஊரில் எத்தனை பார்த்திருக்கிறோம்! அந்தத் திட்டை எந்த பாலிஷும் சரிசெய்யாது. உரிந்த இடத்தில் மெஷினை வைத்தால் ஓரம் இன்னும் உரியும். அந்தப் பகுதியைத் தேய்த்துவிட்டு மறுபடி சாயம் பூசுவது ஒன்றே வழி.

வட்டக் கோடு உண்மையில் வட்டமா?

இது கொஞ்சம் சுவாரசியமான விஷயம். காரை வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டமாகக் கோடு விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்கிலிருந்து வரும் வெளிச்சத்துக்குக் குறுக்காக இருக்கிற கோடுகள் மட்டும் அதை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன, மற்றவை மறைந்துவிடுகின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி தெரிகிறது. நம்பிக்கை இல்லையா? நன்றாகப் புழங்கிய எவர்சில்வர் தட்டை விளக்குக்குக் கீழே பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வட்டமும் விளக்கோடு சேர்ந்து நகரும்.

இந்தக் கோடுகளைப் போடுவது பெரும்பாலும் நாம்தான். கோழி இறகுத் துடைப்பத்தால் காய்ந்த தூசியைத் தட்டும்போது, ஒரே வாளித் தண்ணீரில் காரை முழுக்கக் கழுவும்போது, தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி துடைக்கும்போது கோடு விழுகிறது. நம் வீடுகளில் எல்லா வேலைக்கும் இருக்கும் அந்த 'குட் மார்னிங்' துண்டும் கார் துடைக்க ஏற்றதில்லை. பானெட்டில் செம்மண் தூசி இருக்கும்போது அதை வைத்துத் துடைப்பது, மெல்லிய உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம்.

எந்தக் கோடு போகும், எது போகாது?

கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம். கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். கோடு கண்ணுக்கு மறைந்தால் அது கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது, பாலிஷில் போக வாய்ப்பு அதிகம். அடுத்து, விரல் நகத்தை குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் தட்டுப்படவில்லை என்றால் நல்ல செய்தி. நகம் மாட்டினால் ஆழம் அதிகம். அதை முழுக்கப் போக்க நினைத்தால் சுற்றியுள்ள கிளியர் கோட்டை ஆபத்தான அளவுக்குக் குறைக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட கோட்டின் கூர்மையான ஓரத்தை மட்டும் மழுக்கி, பார்வைக்கு மங்கலாக்கிவிட்டு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். "முழுசா எடுத்துத் தர்றேன்" என்பவரைவிட "கொஞ்சம் இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்பவரை நான் அதிகம் நம்புவேன்.

கோட்டுக்குள் வேறு நிறம் தெரிகிறதா? சாம்பல் அல்லது வெள்ளை என்றால் பிரைமர் வரை போயிருக்கிறது. இரும்பே மின்னுகிறது என்றால் பாலிஷ் பேச்சையே விடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் துரு பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. முதலில் டச்-அப் சாயம் வைத்து மூட வேண்டும். உங்கள் காரின் நிறக் குறியீடு எஞ்சின் பகுதியிலோ கதவுச் சட்டத்திலோ இருக்கும் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். "சிவப்பு கலர் மைவி" என்று கடையில் கேட்காமல் அந்தக் குறியீட்டைக் காட்டுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது. பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் யாரோ உரசிவிட்டுப் போன தடம், அடுத்த காரின் நிறத்தோடு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பல நேரம் அந்தக் காரின் சாயம் நம் காரின் மேல் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கையாலேயே தேய்த்து எடுத்துவிடலாம்.

பறவை எச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகும்போது எச்சம் அதன் மேல் இறுகி, அந்த இடத்தில் மேற்பரப்பே மாறிவிடுகிறது. மரப்பிசினும் நசுங்கிய பூச்சியும் இதே வேலையைச் செய்யும். காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, பிறகு தூக்கி எடுங்கள். இன்றே செய்தால் தண்ணீர் போதும், அடுத்த வாரம் செய்தால் மெஷின் தேவைப்படலாம்.

மெஷினும் கையும்

கடையில் இரண்டு வகை மெஷின் பார்க்கலாம். ரோட்டரி என்பது ஒரே அச்சில் வேகமாகச் சுழல்வது. வலுவானது, வேலை சீக்கிரம் முடியும், சூடும் அதிகம். அனுபவம் இல்லாத கையில் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கிளியர் கோட் எரிந்துபோகும். எரியாவிட்டாலும் வெயிலில் பார்த்தால் நெளிநெளியாக நிழல் மாதிரி ஒரு தடம் தெரியும், 'ஹோலோகிராம்' என்பார்கள். டி.ஏ. எனப்படும் இரட்டை அசைவு மெஷின் சுழன்றுகொண்டே தள்ளாடும். மெதுவானது, ஆனால் தவறைப் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் சொந்தமாகச் செய்ய நினைத்தால் இதை மட்டும் தொடுங்கள்.

மெஷின் எதுவானாலும் பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. கதவிலும் பானெட்டிலும் மடிப்பு மாதிரி ஓடும் விளிம்புக் கோடுகளில் சாயம் மற்ற இடத்தைவிட மெல்லியது, அழுத்தமும் அங்கேதான் குவியும். நல்ல கடைகள் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யும். அடுத்தது பம்பர். அது பிளாஸ்டிக், சூட்டைப் பரவவிடாது. இரும்பில் தாங்கும் அதே வேகத்தில் பம்பரைத் தேய்த்தால் சாயம் வெந்துவிடும்.

ஒழுங்கான வேலை எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் கழுவுவார்கள். பிறகு கிளே பார் எனும் களிமண் மாதிரியான கட்டியை வழுக்கும் திரவத்தோடு ஓட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் அழுக்கை எடுப்பார்கள். (கழுவிய காரின் மேல், கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்தது திடீரென்று சொரசொரப்பாகத் தெரியும். அதுதான் அந்த அழுக்கு.) அப்புறம் ஒரு சின்ன இடத்தில் மட்டும், இருப்பதிலேயே மென்மையான பாலிஷை வைத்துச் சோதிப்பார்கள். அது போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட். எடுத்த எடுப்பில் கம்பளி பேடும் காம்பவுண்டும் கையில் எடுப்பவர் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார், கிளியர் கோட்டை இல்லை. இதெல்லாம் நிழலில், தகடு ஆறியிருக்கும்போது நடக்க வேண்டும். நடுப்பகல் வெயிலில் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பற்பசை வைத்துத் தேய்க்கலாமா என்று டிக்டாக்கில் பார்த்துவிட்டுக் கேட்பவர்களுக்கு: பற்பசையிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது, அதனால் லேசான கோடு மங்கும். ஆனால் அது பல்லுக்குச் செய்தது, காருக்கு அளந்து செய்ததில்லை. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கோட்டுக்குள் புகுந்து சில நாள் மறைக்கும், ஒரு மழையில் திரும்பி வந்துவிடும்.

இந்த மறைக்கிற வேலையைச் சில கடைகளும் செய்கின்றன. எண்ணெயும் மெழுகும் நிறைந்த கிளேஸ் பூசினால் கோடுகள் நிரம்பி, கார் புதுசு மாதிரி மின்னும். சில வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாக் கோடும் பழைய இடத்தில். உண்மையைப் பார்க்க ஒரு வழி: வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்து ஓர் இடத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். பிறகு கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார், அவரே செய்து காட்டுவார்.

பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த டார்ச் சோதனை இன்னும் முக்கியம். விற்பதற்கு முன் ஒரு கடும் பாலிஷ் போடுவது சாதாரணம். பளபளப்பைப் பார்த்து மயங்காமல், சாயத் தடிமனை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை நண்பரிடமிருந்தாவது வாங்கி வைத்துப் பாருங்கள். எல்லாத் தகடும் 100-லிருந்து 150 வரை காட்டி, ஒரு கதவு மட்டும் 250, 300 என்றால் அந்தக் கதவுக்கு மறுபடி சாயம் பூசியிருக்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு என்றால் அடியில் புட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே இறங்கினால் பலமுறை தேய்த்திருக்கக்கூடும், உங்களுக்குத் தேய்க்க மிச்சம் அதிகம் இருக்காது. சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

9எச் கோட்டிங் என்றால் வைரமா?

பாலிஷ் முடிந்ததும் "கோட்டிங் போட்டுடுங்க, 9எச்" என்பார்கள். 9 என்றதும் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த 9எச் வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலில் இல்லை. அது பென்சில் அளவுகோல். 9எச் என்ற கடினமான பென்சிலால் கீறினாலும் தடம் விழவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். செராமிக் கோட்டிங்கின் தடிமன் பொதுவாக ஒன்றிரண்டு மைக்ரான். தண்ணீர் முத்து முத்தாக உருளும், அழுக்கு சுலபமாகக் கழுவும், ரசாயனக் கறைக்கு எதிராக ஓரளவு நேரம் கிடைக்கும். லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லுக்கு பிபிஎஃப் எனும் தடித்த பிளாஸ்டிக் படலம்தான், 150 மைக்ரானுக்கு மேல் இருக்கும், விலையும் அதற்கேற்ப.

கையில் பணம் குறைவு என்றால் மெழுகே போதும். மெழுகு எதையும் தேய்த்து எடுப்பதில்லை, மேலே ஒரு படலம் போடுகிறது. சீக்கிரம் கரையும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும் சோப்பால் காரைக் கழுவாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டையும் இதே மெஷினில் தேய்த்துத் தெளிவாக்குவார்கள். அதில் ஒன்று மட்டும் கேளுங்கள்: தேய்த்த பிறகு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு மறுபடி போடுகிறீர்களா? போடாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்.

இன்னொரு எச்சரிக்கை, இது காருக்கு இல்லை, உங்களுக்கு. உரிந்த கிளியர் கோட்டை வீட்டிலேயே சரிசெய்ய '2கே' ஸ்பிரே டப்பா இணையத்தில் கிடைக்கிறது. அதில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். சாதாரண முகக்கவசம் இதற்குப் போதாது. பட்டறைகளில் தனி அறையும் காற்றுக்குழாய் வைத்த முகமூடியும் இருப்பது இதற்காகத்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாடும் போர்ச்சில் இதை அடிக்காதீர்கள்.

கடைக்காரர் காரைக் கெடுத்துவிட்டால்?

பாலிஷ் போடக் கொடுத்த கார் விளிம்பில் நிறம் போய்த் திரும்பி வந்தால் "அது முன்னாடியே இருந்துச்சு" என்ற பதில்தான் முதலில் வரும். அதனால் காரை விடும்போதே, கழுவிய பிறகு, ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் என்ன வேலை என்று எழுதச் சொல்லுங்கள்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். பேசித் தீரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரைக்குமான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பாரம் 1-ஐ நிரப்பிக் கொடுக்க 5 ரிங்கிட் கட்டணம். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே நின்று பேசலாம். பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும்.